கடல் தாண்டி வந்த கார்ட்டூன்

எண்பதுகளில் இராமேசுவரம், பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் டிவி இருக்கும் வீட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. தெருமுனையில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். ஓட்டுக்கு மேலே இருபது முப்பது அடி உயரத்துக்கு ஜி.ஐ. பைப், அதன் உச்சியில் மீன்முள் மாதிரி அலுமினியக் கம்பிகள். சென்னை வடக்கே இருக்கிறது, டில்லி அதற்கும் வடக்கே. கம்பிகளின் முகமோ தென்கிழக்கே, இலங்கையைப் பார்த்து இருக்கும்.

சாயங்காலம் ஒளிபரப்பு தொடங்கும் நேரத்தில் இந்த வீடுகளில் தனியாக ஒரு நாடகம் நடக்கும். வீட்டுக்காரர் மாடியில் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். டிவிக்கு முன்னால் ஒரு பிள்ளை, வாசலில் ஒரு பிள்ளை. "வாப்பா, ஈ மொய்க்குது... இன்னும் கொஞ்சம் திருப்புங்க... ஆங், வந்திருச்சு, விட்டுராதீங்க!" என்று உள்ளேயிருந்து வரும் சேதியை வாசல் பிள்ளை மாடிக்குக் கத்திச் சொல்லும். கையை எடுத்தால் படம் போய்விடும் என்பதால் வாப்பா கொஞ்ச நேரம் அங்கேயே நிற்க வேண்டியதுதான். திரை தெளியும்போது ஒரு கார்ட்டூன் பூனையோ, மிருகங்களோடு பேசும் டாக்டரோ வந்து நிற்பார்கள். பேச்சு முழுக்கச் சிங்களம்.

காரணம் பூகோளம். தூர்தர்ஷனின் சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. ஆனால் சென்னைக் கோபுரத்துக்கும் இராமநாதபுரத்துக்கும் நடுவே 400 கி.மீ.க்கும் மேல் இருக்கிறது, அந்த அலை இங்கே எட்டவில்லை. கொடைக்கானல் மலையிலிருந்து தென்மாவட்டங்களுக்குத் தூர்தர்ஷன் படம் காட்டியது பிற்பாடுதான். அதற்கு முன்பே, 1982 பிப்ரவரி 15-ல், இலங்கை அரசின் ரூபவாஹினி ஜப்பானின் உதவியோடு ஒளிபரப்பைத் தொடங்கிவிட்டது. அந்தத் தீவின் மிக உயரமான சிகரமான பிதுருதலாகலவில், 2,524 மீட்டர் உயரத்தில், அதன் கோபுரம் நின்றது. அங்கிருந்து இராமேசுவரத்துக்குச் சுமார் 300 கி.மீ. என்றாலும் மலையடிவாரம் தாண்டினால் வழியெல்லாம் சமவெளி, பிறகு கடல். கடலின் ஈரக்காற்றுக்கு மேலே வெப்பக்காற்று வந்து படுக்கிற நாள்களில் டிவி அலை வானத்துக்குத் தப்பிப் போகாமல் வளைந்து வளைந்து வெகுதூரம் ஓடும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் 30 கி.மீ.தான். அந்தக் கடலைத் தாண்டப் படகுக்குக் கெடுபிடி இருந்தது. அலைக்கு யார் கேட்பது?

இதே கடலை டிவி அலை எதிர்த்திசையில் தாண்டிய கதையும் ஒன்று உண்டு. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்கு, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு இந்தியா டிவி காட்டியது. காலையில் பள்ளிக் குழந்தைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு. அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. ஆனால் கொழும்பில் ஒரு வீட்டுக்கு அந்த அலை போனது. செயற்கைக்கோள் வழித் தகவல்தொடர்பை 1945-லேயே கட்டுரையாக எழுதிவைத்த ஆர்தர் சி. கிளார்க் அங்கே குடியிருந்தார். இஸ்ரோ ஆட்களை அனுப்பி அவர் வீட்டில் டிஷ் மாட்டிக் கொடுத்தது. இலங்கையில் அப்போது டிவி ஒளிபரப்பே கிடையாது. ஆக, இந்திய கிராமத்துக் குழந்தைகளுக்காக எடுத்த நிகழ்ச்சி இராமநாதபுரத்தில் தெரியவில்லை, கொழும்பில் தெரிந்தது. ஏழெட்டு ஆண்டு கழித்து இலங்கைக் குழந்தைகளுக்காக எடுத்தது இராமநாதபுரத்தில் தெரிந்தது. கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ரூபவாஹினி குழந்தைகளுக்குக் காட்டியவற்றில் பெரும்பாலானவை வெளிநாட்டுச் சரக்குதான். அதைச் சிங்களக் குழந்தையின் சரக்காக மாற்றியவர் டைட்டஸ் தொட்டவத்த. 1956-ல் வந்து இலங்கை சினிமாவின் போக்கையே மாற்றிய 'ரேகாவ' படத்தின் எடிட்டர் அவர். சினிமாவில் பெயர் வாங்கிய மனிதர் டிவிக்கு வந்து, டப்பிங் பிரிவுக்குத் தலைமை ஏற்று, கார்ட்டூன் பூனைக்கும் முயலுக்கும் வசனம் எழுத வைத்தார். டாக்டர் டூலிட்டில் கதை அங்கே 'தொஸ்தர ஹொந்தஹித' ஆனது. அதாவது நல்ல மனசு டாக்டர். பூனைக்கூட்டத் தலைவன் டாப் கேட், 'பிஸ்ஸு பூஸா' என்ற கிறுக்குப் பூனை ஆனான். மூலத்தில் இருந்த வசனத்தை அப்படியே பெயர்த்து வைக்காமல், சிங்கள நாட்டுப்புறப் பேச்சு, பாட்டு, கேலி எல்லாம் போட்டுப் புதிதாகக் கட்டினார்கள். அந்தக் காலத்து இலங்கைப் பிள்ளைகள் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள். அந்தப் பூனை அமெரிக்கப் பூனை என்று சொன்னால் அவர்களில் பலர் இப்போதும் சண்டைக்கு வருவார்கள்.

அந்தக் கேலியும் பாட்டும் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்த தமிழ்ப் பிள்ளைக்குப் புரிந்திருக்க வழியில்லை. பிறகு எதைப் பார்த்தது?

இதற்குப் பக்கத்தில் வரும் ஓர் ஆராய்ச்சி உண்டு. அமெரிக்காவில் டேனியல் ஆண்டர்சன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1981-ல் வெளியிட்டது. 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் தொடரின் பகுதிகளை எடுத்து, சிலவற்றில் காட்சிகளைக் கலைத்து அடுக்கினார்கள். சிலவற்றில் பேச்சைப் பின்னோக்கி ஓடவிட்டார்கள். சிலவற்றில் கிரேக்க மொழியைப் போட்டார்கள். பளபளப்பு, நிறம், அசைவு எல்லாம் பழையபடிதான். ஆனாலும் பிள்ளைகளின் கண் திரையை விட்டு விலகியது. டிவி என்றால் குழந்தை மயங்கிக் கிடக்கும் என்று அதுவரை பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சோதனை வேறு மாதிரிச் சொன்னது: இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகூடப் புரிகிறதா என்று பார்த்துத்தான் பார்க்கிறது, புரியாவிட்டால் எழுந்து போய்விடுகிறது.

அப்படியானால் பாம்பன் பிள்ளை ஏன் எழுந்து போகவில்லை? ஒன்று, மாற்றிப் பார்க்க வேறு சேனல் கிடையாது. இன்னொன்று முக்கியம். அது தனியாகப் பார்க்கவில்லை. டிவி ஒன்று, பார்க்கிற பிள்ளைகள் தெருவளவு. கூட்டத்தில் பெரிய பிள்ளை ஒன்று "இப்ப அந்த நாய் போயி போலீஸைக் கூட்டியாரும் பாரு" என்று கதை சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் கதை சரியோ தப்போ, சின்னதுகளுக்கு அதுதான் கதை. சிங்களத்தில் ஒரு தொடர், பாம்பன் தமிழில் இன்னொரு தொடர், இரண்டும் ஒரே திரையில் ஓடின. கூட்டத்தில் அத்தனை பேருக்கும் வேலை இருந்தது.

சின்னக் குழந்தைக்கான கற்பனைத் தொடரை எடைபோட இது நல்ல அளவுகோல். குழந்தைக்கு அதில் செய்வதற்கு ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறார்களா? பெரியவர்கள் மாயாஜாலத்தைப் பார்ப்பார்கள், பொம்மையின் அழகைப் பார்ப்பார்கள். மூன்று வயதுக்கு அதைவிட முக்கியம், தனக்கு அங்கே ஒரு இடம் இருக்கிறதா என்பது.

இதை முதலில் சோதனை போட்டுப் பார்த்தவர்கள் 'செசமி ஸ்ட்ரீட்' குழுவினர்தான். 1969 நவம்பர் 10-ல் அந்தத் தொடர் தொடங்கும் முன்பு, எட்வர்ட் பாமர் என்ற ஆய்வாளர் ஒரு வேடிக்கையான முறையைக் கண்டுபிடித்தார். டிவிக்குப் பக்கத்தில் இன்னொரு திரையில், ஏழரை விநாடிக்கு ஒரு தடவை படம் மாறிக்கொண்டே இருக்கும். குழந்தை எப்போது டிவியை விட்டு அந்தப் படத்தைப் பார்க்கிறதோ, அந்த இடத்தில் தொடரில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். கற்பனையையும் நிஜத்தையும் ஒரே காட்சியில் கலந்தால் குழந்தை குழம்பும் என்று நிபுணர்கள் சொல்லியிருந்ததால், தெருக் காட்சிகளில் மனிதர்கள் மட்டும், பொம்மைகள் தனியாக, என்று முதலில் எடுத்திருந்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் பிலடெல்பியாவில் போட்டுக் காட்டினால், மனிதர்கள் வரும்போதெல்லாம் பிள்ளைகள் பக்கத்துப் படத்தைப் பார்த்தார்கள். நிபுணர் சொன்னதை ஓரமாக வைத்துவிட்டு, ஜிம் ஹென்சன் எட்டடிக்கும் மேல் உயரமுள்ள ஒரு மஞ்சள் பறவையையும் குப்பைத்தொட்டியில் குடியிருக்கும் ஒரு முசுட்டுப் பிராணியையும் செய்து தெருவில் இறக்கினார். தொடர் பிழைத்தது.

இதற்கு நேர் எதிரான வழியில் போனவர் பிரெட் ராஜர்ஸ். 1968 முதல் அமெரிக்கா முழுக்க ஓடிய அவருடைய நிகழ்ச்சியில், அவர் தன் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பேசுவார். பாசாங்கு உலகத்துக்குப் போக வேண்டும் என்றால் ஒரு பொம்மை டிராம் வரும், சுரங்கத்துக்குள் நுழையும், அந்தப் பக்கம் ராஜாவும் ஆந்தையும் பேசுவார்கள். போன வழியிலேயே டிராம் திரும்பி வரும். இது நிஜம், அது விளையாட்டு என்று குழந்தைக்குக் குழப்பமே வராது. இரண்டு வழியும் ஓடியதால், எது சரி என்று ஒரே முடிவாகச் சொல்ல முடியாது. இரண்டிலும் பொதுவாக இருந்தது, குழந்தையின் முகத்தைப் பார்த்து முடிவெடுத்த பொறுமை.

நம் பக்கம் அந்தப் பொறுமைக்கு நேரம் ஒதுக்கியவர்கள் குறைவு. சென்னைத் தூர்தர்ஷனின் 'கண்மணிப் பூங்கா' பல வருடங்கள் ஓடியது. அதில் பங்கேற்றதை இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அரங்கத்துக்கு வந்து பாடி ஆடும் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி அது, தொடர்கதை கிடையாது. கதை வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் டில்லியிலிருந்து வருவதுதான். 1993-ல் வந்த 'ஜங்கிள் புக்' அதில் உச்சம். கிப்ளிங் ஆங்கிலத்தில் எழுதிய மத்திய இந்தியக் காட்டை, ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் 52 பாகமாகப் படம் வரைய, குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த முகப்புப் பாட்டோடு இந்தியில் பேசினான் மோக்லி. இராமநாதபுரத்துப் பிள்ளை அதையும் பார்த்தது. சிங்களத்துக்கு அடுத்தபடியாக, புரியாத இரண்டாவது மொழியில் ஒரு ஓநாய்க் குடும்பம். பாட்டின் சொல்லெல்லாம் உருமாறி, யாருக்கும் அர்த்தம் தெரியாத ஒரு பாட்டாகத் தெருவெல்லாம் பாடப்பட்டது.

1995 வாக்கில் இராமேசுவரத்தில் தூர்தர்ஷன் கோபுரம் எழும்பியது. 323 மீட்டர், நாட்டின் மிக உயரமான கோபுரம். தீவுக்குள் நுழையும் ரயிலில் இருந்தே தெரியும். ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்ப வேண்டிய அவசியம் போய்விட்டது. அதே காலத்தில் கேபிள் வயரும் வந்துவிட்டதால், பைப்பும் கம்பியும் கொஞ்ச நாளில் கொடி கட்டப் பயன்பட்டன.

கேபிளில் வந்த தனியார் சேனல்கள் முதல் பத்து வருடம் குழந்தைகளைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2004-ல் சன் டிவியில் தொடங்கிய 'மை டியர் பூதம்' விதிவிலக்கு. வீட்டுக்குள் ஒரு குட்டிப் பூதம், அதோடு கூட்டுச் சேரும் பிள்ளைகள், அதிலிருந்து வரும் ரகளை. மூன்று வருடம் போல ஓடியது. கிராபிக்ஸ் அப்படியொன்றும் சிலாகிக்கும்படி இருக்காது. ஆனால் பூதம் தமிழ் பேசியது, தமிழ்க் குழந்தையோடு வாதம் செய்தது. பின்னாளில் மலையாளத்திலும் தெலுங்கிலும் நாயகியான நிவேதா தாமஸ் அதில் நடித்த பிள்ளைகளில் ஒருவர். அதற்கு முன்னும் பின்னும் வந்த பேய், பாம்புத் தொடர்களைக் குழந்தைகள்தான் அதிகம் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். அவை குழந்தைகளை நினைத்து எடுத்தவை அல்ல.

2007 ஏப்ரல் 29-ல் சுட்டி டிவி வந்தது. தேதியைக் கவனித்தால் கணக்கு விளங்கும்: முழுப்பரீட்சை லீவு. இராமேசுவரம் கரையில் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். அப்போது 45 நாள், இப்போது 61 நாள். விசைப்படகெல்லாம் கரையேறி நிற்கும், அப்பாவும் வீட்டில், பிள்ளையும் வீட்டில், ரிமோட் ஒன்று. அதற்கு முந்தின ஆண்டுதான் அரசின் இலவச கலர் டிவித் திட்டம் தொடங்கியிருந்தது. திட்டம் முடிவதற்குள் மாநிலம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. தெருவுக்கு ஒரு டிவி என்பது போய் குடிசைக்கு ஒன்று என்றானது. கூடவே, பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிய பெரிய பிள்ளையும் காணாமல் போனது.

அந்த வெற்றிடத்தில்தான் டோரா வந்து உட்கார்ந்தாள்.

'டோராவின் பயணங்கள்' சுட்டி டிவியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அமெரிக்காவின் நிக்கலோடியன் 2000 ஆகஸ்டில் தொடங்கிய தொடர். ஏழு வயதுப் பெண், பூட்ஸ் போட்ட குரங்கு நண்பன், பேசும் வரைபடம், பேசும் முதுகுப்பை, எதையாவது பிடுங்கிப் போக வரும் நரி. குரங்குக்குத் தமிழில் புஜ்ஜி என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 'டோரா புஜ்ஜி' என்று சேர்த்துச் சொன்னால்தான் இன்றும் தமிழ்நாட்டில் விளங்கும். அமெரிக்க டோரா ஆங்கிலம் பேசிக்கொண்டே ஸ்பானிஷ் கற்றுக்கொடுப்பாள். நம் டோரா தமிழ் பேசிக்கொண்டே ஆங்கிலம் கற்றுக்கொடுத்தாள். பெற்றோருக்கு அது போனஸ்.

ஒரு காட்சியை நிதானமாகப் பார்த்தால் சூத்திரம் தெரியும். டோராவும் புஜ்ஜியும் ஆற்றங்கரையில் நிற்கிறார்கள். பாலம் எங்கே என்று டோரா நம்மைப் பார்த்துக் கேட்கிறாள். பாலம் அவளுக்குப் பின்னால் பட்டப்பகலில் தெரிகிறது. அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. கண்ணை ஒரு தடவை, இரண்டு தடவை சிமிட்டுகிறாள். இசைகூட அடங்கிவிடுகிறது. பெரியவருக்கு இந்த நாலைந்து விநாடி தாங்க முடியாத எரிச்சல். தரையில் உட்கார்ந்திருக்கும் நாலு வயதுக்கோ, உலகத்திலேயே தனக்கு மட்டும் தெரிந்த ரகசியத்தை டோராவுக்குச் சொல்லியாக வேண்டிய அவசரம். "பின்னாடி! பின்னாடி பாரு!" என்று கத்தும், எழுந்து போய்த் திரையைத் தொட்டுக் காட்டும். அப்புறம் ஒரு நீல அம்புக்குறி வந்து பாலத்தைக் கிளிக் செய்யும். தான் சொன்னதால்தான் கிளிக் ஆனது என்று பிள்ளை நம்பும். நரி வரும்போது மூன்று தடவை தடுத்துச் சொல்ல வேண்டும். சொன்னால் அது கையைப் பிசைந்துகொண்டு போய்விடும். திருடனைக் குரலால் விரட்டலாம் என்ற அதிகாரம் அந்த வயதில் வேறு எங்கே கிடைக்கும்?

இந்த இடைவெளி தற்செயலாக வந்தது கிடையாது. கிரேக்க மொழி போட்டுச் சோதித்த அதே ஆண்டர்சன்தான் 1996-ல் வந்த 'புளூஸ் குளூஸ்' தொடருக்கும் பிறகு டோராவுக்கும் ஆலோசகர். 'புளூஸ் குளூஸ்' குழு இன்னொரு துணிச்சலும் செய்தது. ஒரே பாகத்தைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் காட்டினார்கள். பிள்ளைகள் சலித்துப்போவார்கள் என்று பயந்தவர்களுக்கு ஆச்சரியம். முதல் நாள் வாயைப் பிளந்து பார்த்த பிள்ளை, நாலைந்தாம் தடவையில் முன்கூட்டியே பதில் சொன்னது, புரிதலும் கூடியது. பாட்டியிடம் ஒரே கதையைத் தினமும் கேட்டு, ஒரு சொல்லை மாற்றினால்கூடக் கண்டுபிடித்துவிடும் பேரனைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை.

2005-ல் வெளிவந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, ஆறு மாதம் முதல் இரண்டரை வயது வரையிலான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. டோரா, 'புளூஸ் குளூஸ்' பார்த்தவர்களிடம் சொல்வளம் சற்றுக் கூடுதலாக இருந்தது. பிரிட்டனின் 'டெலிடப்பீஸ்' பார்த்தவர்களிடம் குறைவாக இருந்தது. தொடர்தான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. வீட்டில் யார் எவ்வளவு பேசினார்கள் என்பதும் இருக்கிறது. ஆனாலும் எல்லாக் கார்ட்டூனும் ஒன்றுதான் என்று ரிமோட்டைப் பிடுங்குபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

டோராவுக்கு அடுத்து இந்தியாவையே சுருட்டிக்கொண்டது 'சோட்டா பீம்'. ஹைதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனம் செய்தது, 2008-ல் போகோ சேனலில் தொடங்கியது. டோலக்பூர் என்ற கற்பனை ஊர், லட்டு தின்றால் பலம் வரும் பையன், குரங்கு நண்பன். இந்தியக் கிராமத்தைக் கார்ட்டூனுக்குள் கொண்டுவந்து வியாபாரமும் ஆக்கலாம் என்று நிரூபித்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. குறையைச் சொல்லாமலும் இருக்க முடியாது. சிக்கல் எதுவானாலும் முடிவில் அடிதான். பீம் எல்லாவற்றையும் முடித்துக்கொடுத்துவிடுவதால் பார்க்கும் பிள்ளைக்கு வேலை மிச்சமில்லை, கைதட்டுவதைத் தவிர.

தமிழில் ஏன் நம்முடைய டோரா வரவில்லை? ஆள் இல்லாமலா? 2000-லேயே சென்னையின் பென்டாமீடியா, நடிகர்களின் அசைவைப் பதிவுசெய்து 'சிந்துபாத்' முழுநீளப் படம் எடுத்துக் காட்டிவிட்டது. காரணம் காசுதான். வெளிநாட்டுத் தொடரை வாங்கி டப்பிங் செய்ய எழுத்தாளர், ஐந்தாறு குரல்கள், ஒரு ஒலிப்பதிவுக் கூடம் போதும். அதே தொடரைச் சொந்தமாக எடுக்க ஒவ்வொரு விநாடியையும் வரைய வேண்டும். போட்ட பணம் திரும்ப வேண்டும் என்றால் பத்து மொழிக்கு விற்க வேண்டும். பத்து மொழிக்கு விற்க வேண்டும் என்றால் எந்த ஊர் வாசனையும் இல்லாத ஒரு டோலக்பூரில்தான் கதையை வைக்க வேண்டும். பாம்பனில் வைத்தால் லூதியானாவில் யார் பார்ப்பார்கள் என்று கேட்பார்கள். ஜப்பான்காரர்கள் ஆல்ப்ஸ் மலைச் சிறுமி ஒருத்தியை வைத்து 'ஹைடி' எடுத்து உலகமெல்லாம் ஓட்டியதை அவர்களுக்கு யாராவது ஞாபகப்படுத்த வேண்டும்.

பாம்பனிலும் மண்டபத்திலும் கதைக்கென்ன பஞ்சம்? 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவில், இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள் வரிசையாக இருக்கின்றன. தீவுக்கு ஒரு கதை என்றால் இருபத்தோரு பாகம் தயார். கரையோர மக்கள் ஆவுளியா என்று கூப்பிடும் கடல்பசு, கடலுக்கடியில் புல் மேயும். குட்டியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும். மூச்சுவிட மேலே வரும். பேசும் குரங்கைவிட நம்பும்படியான நாயகி அது. கண்ணாடி மாட்டிக்கொண்டு, கையில் துணி சுற்றிக்கொண்டு, பாசி எடுக்க மூழ்கும் பெண்கள் இங்கே இருக்கிறார்கள். தேவதைகளைத் தேடிப் போக வேண்டாம். இராமேசுவரத்தில் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் கல்லைக் காட்டுகிறார்கள். வெளியூர்க் குழந்தைகள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்கிற கேள்விகளை எழுதிவைத்தாலே திரைக்கதையில் பாதி முடிந்தது. கப்பல் வந்தால் நடுவில் வழிவிடும் ரயில் பாலம் வேறு. 1914-ல் திறந்த பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கையையும் தூக்குவதுபோல் பிரிந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது. ரயில் பேசும், கப்பல் பேசும் என்று தொடர் எடுக்கும் உலகத்தில், வழக்கமாகச் சண்டை போட்டுக்கொண்டு வழிகேட்கும் ரயிலையும் கப்பலையும் இந்தப் பாலம் எப்படிச் சமாளிக்கிறது என்று யாரும் யோசிக்காதது அதிசயம்தான்.

பெரிய ஸ்டூடியோ வேண்டும் என்பதும் இல்லை. பிரெட் ராஜர்ஸின் ராஜாவும் ஆந்தையும் கையில் மாட்டும் பொம்மைகள்தான், குரல் கொடுத்ததும் பெரும்பாலும் அவரே. தோல்பாவைக் கூத்தில் ஒரே குடும்பம் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து இராமாயணம் முழுவதையும் நடத்திவிடும். இராமருக்கும் அனுமாருக்கும் அரக்கிக்கும் ஒரே ஆள் தொண்டை மாற்றிப் பேசுவார். நடுநடுவே கோமாளிகள் வந்து கூட்டத்தோடு பேச்சுக் கொடுப்பார்கள், கூட்டம் பதில் சொல்லும். டோரா கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் வித்தை அங்கே பழசு. உள்ளூர்ப் பேச்சில் ஒலிபரப்பு நடத்த முடியும் என்பதற்கும் பக்கத்திலேயே சாட்சி உண்டு. பாம்பனில் 2016 முதல் 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி 90.4-ல் மீனவர்களுக்காக ஓடுகிறது. காற்று, கடல் நிலவரம், மீனவர் பிரச்சினை என்று அவர்கள் பேச்சிலேயே பேசுகிறது.

பணம் யார் போடுவது என்பதுதான் நிற்கும் கேள்வி. மற்ற நாடுகளில் பெரும்பாலும் பொதுப் பணம்தான் போட்டிருக்கிறது. பி.பி.சி.க்கு வீட்டுக்கு வீடு கட்டணம். 'செசமி ஸ்ட்ரீட்' தொடங்கியபோது அமெரிக்க அரசும் கார்னெகி, போர்டு அறக்கட்டளைகளும் சேர்ந்து கொடுத்தன. இங்கே தூர்தர்ஷன் விவசாயிகளுக்கு என்று 2015-ல் தனிச் சேனல் தொடங்கியது. தமிழ்நாடு அரசு 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அதன் வேலை பள்ளிக்கூடப் பாடம். கொரோனா காலத்தில் அதுதான் பல வீட்டுக்கு வகுப்பறையாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்கே இன்னும் போகாத மூன்று வயதின் விளையாட்டுக்கு அதில் தினமும் அரைமணி நேரம் ஒதுக்குவது பெரிய செலவாகத் தெரியவில்லை.

அதுவரை செல்போன்தான். யூடியூபின் குழந்தைப் பாட்டுச் சந்தையில் உலக அளவில் முன்னணியில் இருக்கும் 'சூச்சூ டிவி' சென்னையில் 2013-ல் தொடங்கியது. நாலைந்து நண்பர்கள், ஒருவர் வீட்டுக் குழந்தைக்காகச் செய்த ஒரு பாட்டு, அங்கிருந்து வளர்ந்தது. நம் ஊர்க்காரர்கள் உலகத்துக்கே தாலாட்டுப் பாடுகிறார்கள் என்பதில் பெருமைப்படலாம். ஆனால் யூடியூபின் இயல்பு வேறு. ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்தது தயாராக நிற்கிறது. நிறம் குறையாது, இசை அடங்காது, கேட்டுவிட்டுக் காத்திருக்கும் அந்த நாலைந்து விநாடி எங்கேயும் கிடையாது. பிள்ளை பேசாமல் இருக்கிறது என்று வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். பேசாமல் இருப்பதுதான் அங்கே பிரச்சினையே.

இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டு முதல் ஐந்து வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதுவும் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இந்திய குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். இரண்டு வயதுக்கு முன்னால் குழந்தை திரையிலிருந்து கற்பதைவிட எதிரே இருக்கும் மனிதரிடம் கற்பது அதிகம் என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு சொல்கிறது. பக்கத்தில் இருக்கும் பெரியவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்குப் பாம்பனின் அந்தப் பெரிய பிள்ளையே போதும். ஒரு பாகத்தை எடுத்து, நரி புதருக்குப் பின்னால் ஒளியும் இடத்தில் படத்தை நிறுத்தி, இப்போது எங்கே போகும் என்று கேட்க வேண்டும். பதில் வரும்வரை கண்ணைச் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கலாம். மறுநாளும் அதே பாகத்தைப் போடலாம். போனில் நிறுத்தும் பொத்தான் எங்கே என்று தாத்தாவுக்குத் தெரியாவிட்டால், அதைப் பேத்தி காட்டிக்கொடுப்பாள்.